நிமிர்ந்த சவாரி

இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் தரையை இரண்டு மூன்று முறை உந்தி, வண்டி உருளத் தொடங்கியதும் அந்தக் காலைப் பின்பக்கமாக வீசி, கேரியரைத் தாண்டி சீட்டில் அமர்கிறார் ஒரு பெரியவர். வேட்டியை முன்னமே மடித்துக் கட்டியாயிற்று. கேரியரில் சாக்கு, ஹேண்டில்பாரில் தூக்குவாளி. வயது எழுபதுக்குக் குறையாது. நடக்கும்போது லேசாகக் கூனியிருந்த முதுகு, சீட்டில் அமர்ந்ததும் நிமிர்ந்துவிடுகிறது. தெருவில் எதிர்ப்படும் எல்லோரையும் அவரால் பார்க்க முடிகிறது. எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கமோ, திருநெல்வேலிப் பக்கமோ, யாழ்ப்பாணத்திலோ காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்றால் இந்தக் காட்சி இன்னும் கிடைக்கும்.

அவர் ஓட்டிப் போவது அந்தக் கறுப்பு சைக்கிள்தான். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயின்கார்டு, ஸ்பிரிங் வைத்த சீட்டு. இங்கிலாந்தில் ரோட்ஸ்டர் என்று பெயர் வாங்கி, அங்கே அரிதாகிப் போய், இங்கே இன்னும் மிச்சமிருக்கும் வண்டி.

இதில் போவதன் சுகத்தைப் பலர் பழைய நினைவின் இனிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாத்தாவின் சைக்கிளைப் பார்த்தே இராத இருபது வயதுப் பிள்ளையை இதில் ஏற்றிவிடுங்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அவன் தோள் தளர்வது தெரியும். அந்தச் சுகத்தை இரும்பிலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அளவுகோல் எடுத்து அளந்தும் காட்டலாம்.

ரேஸ் சைக்கிளின் முன்கழுத்துக் குழாய் தரையோடு ஏறக்குறைய 73 டிகிரியில் செங்குத்தாக நிற்கும். ரோட்ஸ்டரில் அது 66, 67 டிகிரிக்குச் சாய்ந்திருக்கும். அதனால் முன்சக்கரம் ஓட்டுபவரை விட்டு நன்றாக முன்னே தள்ளிப் போகிறது. இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கும் நடுவே ரேஸ் வண்டியில் ஒரு மீட்டர் இருந்தால், இதில் 115 சென்டிமீட்டர் வரை இருக்கும். சீட்டுக் குழாயும் அதே அளவுக்குப் பின்னால் சாய்ந்திருப்பதால் உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்கும், சீட்டுக்கு அடியில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குகளுக்கும் போய்விடுகிறது. கைகளுக்குச் சுமையே இல்லை. விரல்கள் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், வண்டி நேராகப் போகும். ஃபோர்க்கின் அடிப்பகுதி முன்னோக்கி நன்றாக வளைந்திருக்கிறதே, அது அழகுக்கு வைத்த வளைவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த இரும்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மணிக்கட்டுக்கு வர வேண்டிய அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது.

வேகமும் அப்படித்தான், கட்டும்போதே தீர்மானமாகிவிட்டது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் உள்ள வண்டியில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். பேசிக்கொண்டே மிதிக்கிற ஆளுக்கு நிமிடத்துக்கு 45 சுற்று வரும். கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு ஒரு பிடி குறைவு. இதற்கு மேலே போக நினைத்தால் காற்று விடாது. நிமிர்ந்து அமர்ந்த உடம்பு மார்பு முழுவதையும் காற்றுக்குக் காட்டுகிறது. காற்றை விலக்க ஆகும் உழைப்போ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். 15-இல் போகிறவர் 30-க்குத் தாவ ஆசைப்பட்டால், காற்றுக்கென்று செலவழிக்கும் உழைப்பு எட்டு மடங்காகிவிடும். இந்த உட்காரும் வாகில் யாருக்கும் அது கட்டுப்படியாகாது. கொஞ்ச தூரத்தில் முயற்சியைக் கைவிட்டு, வண்டி விரும்பும் வேகத்துக்கு நாம் இறங்கி வந்துவிடுகிறோம். அந்த வேகத்தில் மூச்சு வாங்காது. பக்கத்தில் வருபவரோடு வாய் ஓயாமல் பேசலாம். வேலியோரம் பூத்திருப்பது ஆவாரையா கொன்றையா என்று பார்த்துச் சொல்லலாம்.

ஐந்து பாலங்கள்

இந்த வண்டிக்கென்றே அமைந்த சாலை ஒன்றைச் சொல்லச் சொன்னால், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையைச் சொல்வேன். பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. டெல்டா தட்டை நிலம். மேடு என்று அங்கே இருப்பது ஆற்றங்கரையும் பாலமும்தான். ஒவ்வொரு பாலத்துக்கும் சாலை லேசாக ஏறும். ஏறும்போது சீட்டை விட்டு எழுந்து, உடம்பின் பாரத்தை ஒரு பெடலிலிருந்து மறு பெடலுக்கு மாற்றி மாற்றி இறக்க வேண்டும். கை வலிக்கும்படி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை. 20 கிலோ இரும்பு மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும். பாலத்தின் நடுவை எட்டியதும் கால்களை நிறுத்திக்கொள்ளலாம். ஃப்ரீவீல் கிடுகிடுவென்று ஒலிக்க, வண்டி தன் எடையாலேயே மறுகரைக்கு இறங்கும். எடை அதிகமென்று இந்த வண்டியைக் குறை சொல்பவர்கள் இந்த இறக்கங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருமுறை வேகம் பிடித்த கனமான வண்டி, மிதிக்காமலே நெடுந்தூரம் போகும்.

அந்தச் சாலையில் போக நல்ல பருவம் மார்கழியும் தை முற்பகுதியும். சம்பா கதிர் பழுத்து நிற்கும். வெயில் ஏற நேரமாகும். பேருந்துகள் விரட்டிக்கொண்டு போகும் சாலை என்பதால் விடியற்காலையில் கிளம்பிவிடுவது நல்லது. கண்டியூர் தாண்டினால் வாழைத்தோட்டங்கள். காரில் போகிறவருக்கு ஐந்து ஆறும் ஐந்து பெயர்ப்பலகைகள். ரோட்ஸ்டரில் போகிறவருக்கு ஐந்து ஏற்றம், ஐந்து இறக்கம், ஐந்து விதமான காற்று. வெண்ணாற்றில் தண்ணீர் ஓடுகிறதா, குடமுருட்டியில் மணல்தான் கிடக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டே போகலாம். திருவையாற்றில் இறங்கி, சுடச்சுட அசோகா அல்வா வாங்கித் தின்றுவிட்டு, காவிரிப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து திரும்பினால், வெயில் சுடுவதற்குள் தஞ்சாவூர் வந்துவிடலாம்.

மெதுவாக ஓட்டுவதை நம் ஊர்கள் ஒரு திறமையாகவே கொண்டாடியிருக்கின்றன. பொங்கல் விளையாட்டுகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் இல்லாத ஊர் அபூர்வம். சுண்ணாம்புக் கோடுகளுக்குள், காலைத் தரையில் ஊன்றாமல், கடைசியாக எல்லையைத் தொடுபவருக்குப் பரிசு. பிரேக்கைத் தொட்டும் விட்டும், ஹேண்டிலை இப்படியும் அப்படியும் வெட்டியும், நின்ற இடத்திலேயே நிற்பவர்களைச் சுற்றி ஊரே கூடி நிற்கும். அதைவிடப் பெரிய காட்சி, முன்பெல்லாம் கிராமத்து மந்தையில் நடந்த தொடர் சைக்கிள். ஊர் ஊராக வரும் ஒருவர், பகலும் இரவுமாக இறங்காமல் வட்டமடித்து ஓட்டுவார். குளியல், சாப்பாடு, சட்டை மாற்றுவது எல்லாம் வண்டியின் மேலேயே. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. மாலையில் கூட்டம் சேர்ந்ததும் சாகசங்கள். அவர் ஓட்டியதும் இதே கறுப்பு சைக்கிள்தான். இந்த வண்டியின் பொறுமை எவ்வளவு என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நாள்கணக்கில் மனிதரைச் சுமந்து ஒரே வட்டத்தில் சுற்றிய வண்டி அது.

கொக்கும் கையும் துப்பாக்கியும்

இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் வடிவத்துக்கு வழி போட்டது, 1885-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டி. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தை இழுக்கும் செயின். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டுகளில் நாட்டிங்காம் நகரின் ராலே தெருவில் இருந்த சிறிய பட்டறை ஒன்றை ஃபிராங்க் பௌடன் வாங்கி, தெருவின் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்தார். முதல் உலகப்போர் தொடங்குவதற்கு முன்பே ரோட்ஸ்டரின் உருவம் முடிவாகிவிட்டது. அன்றைய வண்டி ஒன்றையும், நூறாண்டு கழித்து லூதியானாவில் செய்த வண்டி ஒன்றையும் அருகருகே நிறுத்தினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இத்தனை காலம் மாற்றம் வேண்டாமல் ஓடிய இயந்திரங்கள் அதிகமில்லை.

பழைய வண்டிகளின் பெருமையெல்லாம் பல்சக்கரத்தில் இருந்தது. ராலேயின் பல்சக்கரத்தைப் பாருங்கள், அதில் கொக்குத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். முன்கழுத்துச் சின்னத்திலும் அந்தக் கொக்குதான். ரட்ஜ் வண்டியில் விரித்த கை. ஹம்பரில் ஐந்து மனிதர்கள் வட்டமாக நடைபோடுவார்கள். அதன் ஃபோர்க்கும் பக்கத்துக்கு இரட்டைக் குழாயாக இருக்கும், அரைத் தெரு தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் சின்னம், சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சின்னத்தைப் பார்த்து வண்டியின் சாதி சொன்னார்கள். கைக்கடிகாரத்தோடும் ரேடியோவோடும் மாப்பிள்ளைக்கு ஒரு ராலேயும் சீராகப் போன காலம் இருந்தது. புது வண்டி வந்ததும் பாருக்கு வண்ணத் துணி சுற்றி, ஹேண்டிலின் இரண்டு முனைகளிலும் குஞ்சம் தொங்கவிட்டு, சக்கரத்தின் அச்சில் பூப்போட்ட நாடா மாட்டி, ஆயுதபூஜைக்குச் சந்தனம் தெளித்து வைத்தார்கள். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்ததும் இதே வண்டிக்குத்தான்.

சிலரிடம் மூன்று கியர் வைத்த ராலே இருந்தது. பின்சக்கர அச்சின் குடத்துக்குள்ளேயே பல்சக்கரங்களை ஒளித்துவைத்த ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் அது. 1902-இல் உருவானது. நடுக் கியரில் சக்கரம் நேராக ஓடும். கீழ்க் கியரில் நான்கில் மூன்று பங்காகக் குறையும். மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். மழையும் புழுதியும் உள்ளே போகாது. அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் விட்டால் ஐம்பது ஆண்டும் ஓடும். பல குடங்களின் மேல் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். துருவைத் துடைத்துவிட்டு 52 என்றோ 56 என்றோ அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. பழைய வண்டி கையில் கிடைத்த அன்று முதலில் நான் தேடுவது அதைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு வண்டி இங்கேயே பிறக்கத் தொடங்கியது. 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் உருவானது. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே, அரியானாவின் சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. இங்கிலாந்தில் கார்கள் பெருகி ரோட்ஸ்டர் சாலையை விட்டு ஒதுங்கிய ஆண்டுகளில், அதே வண்டி இங்கே லட்சக்கணக்கில் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. ராலேயின் நாட்டிங்காம் தொழிற்சாலை 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. நம்மிடமும் இழப்பு உண்டு. டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திய நாள் 2020 ஜூன் 3. அது உலக சைக்கிள் தினம்.

இந்த வண்டியின் சுகத்தைப் பேசும்போது ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பால் கேன் இரண்டு பக்கமும் தொங்க விடியற்காலை நாலு மணிக்கு மிதித்தவருக்கு, ஆறேழு குடம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு மேட்டில் உருட்டியவருக்கு, கோழிக்கூடையும் ஐஸ் பெட்டியும் சுமந்தவருக்கு இதில் என்ன சுகம்? அவர்களுக்கு இது வேலைக் கருவி. இந்த வண்டியை இத்தனை கனமாகவும் உறுதியாகவும் வைத்திருந்தது அவர்களுடைய தேவைதான். மேல்பார் இரட்டையாக வந்த டபுள் பார் வண்டியும் பாரம் ஏற்றவே வாங்கப்பட்டது. அந்த உழைப்பை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சுகம் வசதியானவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது என்று யாராவது சொன்னால், அவர்களைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போவேன்.

1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் சேர்த்தார். வயல்வேலை செய்தவர்கள், கல்குவாரிக் கூலிகள், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேலான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியதால் உலகத்துக்குத் தெரிந்தது. லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் ஆண்களின் வண்டியிலேயே பழகினார்கள். பழகிய பிறகு அதையே விரும்பியவர்களும் உண்டு, காரணம் அந்த மேல்பார். குழந்தையை அதில் உட்கார வைத்துக்கொள்ளலாம். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், அண்ணனையோ கணவனையோ கொண்டுபோய் விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். பேருந்துக் காசு மிச்சமானது ஒரு கணக்கு. மாலையில் சேலையைச் செருகிக்கொண்டு தோழிகள் வரிசையாக ஊர்ச்சாலையில் போனார்களே, அது எந்தக் கணக்கிலும் வராத மகிழ்ச்சி. ரோட்ஸ்டரின் நிமிர்ந்த சவாரி யாருக்கு மிகவும் பொருந்தியது என்று கேட்டால், அவர்களுக்குத்தான் என்பேன்.

யாழ்ப்பாணத்து வண்டி

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் படுத்த தட்டை நிலம். மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. சைக்கிளுக்கு இதைவிட நல்ல நிலம் வேண்டியதில்லை. ஆசிரியரும் தபால்காரரும் மீன் வியாபாரியும் ஆண்டுக்கணக்காக அங்கே சைக்கிள் உழக்கியே வாழ்ந்தார்கள். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை வந்தபோது, அது ஒன்றே வாகனமானது. நோயாளியும் பிணமும் சந்தைச் சாமானும் அதிலேயே போயின. மின்சாரம் இல்லாத 1990-களில், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். வீதிக்கு வெளிச்சம் காட்டச் செய்த 6 வோல்ட், 3 வாட் டைனமோ, வீட்டுக்குள் செய்தியைக் கொண்டுவந்தது. ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். 1995 அக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் போரால் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் மிதிக்க இடமில்லாமல், வீட்டில் இருந்ததையெல்லாம் கட்டிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டே சனம் போனது.

அந்த ஊரில் சைக்கிளை வெறும் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2022-இல் இலங்கையில் பெட்ரோல் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டபோது, கொட்டிலில் கிடந்த பழைய வண்டிகள் மறுபடி வீதிக்கு வந்தன. பலருக்குப் பழகிய காரியமாகத்தான் இருந்தது. தேவைக்கு எடுத்த வண்டியில் பின்னேரக் காற்று வாங்கப் போவதற்கும் தடையில்லை. பண்ணைப் பாலத்தின் வழியே தீவுப் பக்கம் போகும் வீதியில், இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். போகும்போது குனிந்து உழக்க வேண்டியிருக்கும்; திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளி, உழக்காமலே பட்டணத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

வேறு நாடுகளிலும் இந்த வண்டிக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சாவகத் தீவின் யோக்யகர்த்தா நகரத்தில் டச்சு கெசல், ஃபோங்கர்ஸ் வண்டிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். லண்டனில் 2009 முதல் ட்வீட் ரன் என்ற பெயரில், பழைய பாணிக் கோட்டும் தொப்பியும் அணிந்து ஊர் சுற்றும் சவாரி நடக்கிறது. சீனாவில் டியான்ஜின் நகரின் பறக்கும் புறா சைக்கிள், ராலே போட்ட பாதையிலேயே வந்தது.

சுவரில் மாட்டாதீர்கள்

எனக்கு வருத்தம் தருவது ஒன்று. நல்ல ராலேக்களும் ஹம்பர்களும் இப்போது உணவகச் சுவர்களில் ஏறிக்கொண்டிருக்கின்றன. செயினைக் கழற்றி, டயரில் காற்றில்லாமல், மூவர்ண பெயின்ட் அடித்து, கேரியரில் பூத்தொட்டி வைத்து நிறுத்திவிடுகிறார்கள். ஓடக்கூடிய வண்டியை ஓடாமல் நிறுத்துவது கொடுமை. நிறுத்திவைத்த வண்டியில் கிரீஸ் கல்லாகும், பால்ரஸ் துருப்பிடிக்கும், டியூப் மடிப்புகளில் வெடிக்கும். வாரம் ஒருமுறை ஓடும் வண்டியோ அறுபது ஆண்டு கழித்தும் சத்தமில்லாமல் ஓடுகிறது. பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ உங்கள் வீட்டு வண்டி கிடந்தால், இறக்கிக் கொண்டுவந்து ஒரு பழைய சைக்கிள் கடையில் ஓவராயிலுக்கு விடுங்கள்.

ஓவராயில் பார்ப்பதே ஒரு சுகம். அவசரமில்லாதவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். முதலில் பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவார்கள். துருவேறிய பின் லேசில் வராது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைப்பார்கள். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ், வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி பால்ரஸ்களைப் போட்டுக் கழுவி, வேட்டித் துணியில் உருட்டித் துடைத்து, குழி விழுந்ததை ஒதுக்கிவிட்டு, புது கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். கிராங்க் அச்சில் பக்கத்துக்கு 11, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, எல்லாம் கால் அங்குலம். பிறகு கோட்டம் எடுப்பது. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் எங்கே வந்து உரசுகிறது என்று சாக்பீஸால் குறி வைத்து, நிப்பிள் சாவியால் இந்தப் பக்கம் கால் திருகு, அந்தப் பக்கம் அரைத் திருகு. கை தேர்ந்தவர்கள் கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டே இறுக்கம் சொல்லிவிடுவார்கள். இந்தக் கைகள் குறைந்து வருகின்றன. கியர் சைக்கிளுக்கு வேலை செய்யும் புதுக் கடைகளில் காட்டர் பின்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இருக்கும்போதே நம் வண்டிகளைப் பழைய கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை வந்தால்தான் வேலை தங்கும்.

பெயின்ட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பழைய கறுப்பைச் சுரண்டாதீர்கள். மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டு பொறுமையாகத் துடைத்தால், அழுக்குக்கு அடியில் மட்கார்டின் தங்கக் கோடுகள் தெரியவரும். அந்தக் கோடுகளைத் தூரிகையால் கையில் இழுத்தவர்கள் இருந்தார்கள். மேலே ஸ்பிரே அடித்துவிட்டால் அந்த உழைப்பு போயே போய்விடும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று பயப்பட வேண்டியதில்லை. 28 × 1½ டயரும் டியூபும், பிரேக் கட்டையும், பெடலும், செயினும் இன்றும் சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. நாட்டிங்காம் ராலே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அதன் கிராங்க் கிண்ணங்களின் மரை அங்குலத்துக்கு 26, மற்ற வண்டிகளில் 24. இந்தியக் கிண்ணத்தை அதில் வற்புறுத்தித் திருகினால் சட்டத்தின் மரை அழிந்துபோகும். பழைய கிண்ணங்கள் தேயாமல் இருந்தால் அவற்றையே கழுவி மாட்டச் சொல்லுங்கள்.

முதல் சவாரிக்கு நெடுஞ்சாலை வேண்டாம். ஏரிக்கரையோ வாய்க்கால் கரையோ போதும். சீட்டின் உயரம், பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சமாக மடியும் அளவுக்கு இருக்கட்டும். கம்பி பிரேக்கை நம்பி இறக்கத்தில் வேகம் எடுக்காதீர்கள். அது கட்டையை ரிம்முக்குள்ளிருந்து மேலே இழுத்துப் பிடிக்கும் பிரேக். மழையில் நனைந்த குரோம் ரிம்மில் வழுக்கிக்கொண்டு போகும். நனைந்துவிட்டால் முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஒரு மாதம் ஓடியதும் புதிதாக இறுக்கிய கம்பிகள் கொஞ்சம் தளரும். அப்போது மறுபடி கடைக்குக் கொண்டுபோய்க் கோட்டம் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே காட்டர் பின்னையும் ஒருமுறை தட்டி இறுக்கச் சொல்லிவிட்டால், அடுத்த மார்கழி வரைக்கும் எண்ணெய் விடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.